தெரிந்த கதை, தெரியாத பாட்டு

கேள்வி இதுதான்: “நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளிலும் லண்டன் வெஸ்ட் எண்டிலும் புதிதாக வரும் மியூசிக்கல்களை, அதாவது பாட்டாலும் ஆட்டத்தாலும் கதை சொல்லும் மேடை நாடகங்களைப் பார்த்தால், ஒன்று பழைய படம், இல்லையென்றால் எல்லோரும் படித்த நாவல். புதுக் கதைக்கு அவ்வளவு பஞ்சமா? பார்த்த கதையையே மறுபடி பார்க்க ஆவலோடு காத்திருப்பதில் என்ன இருக்கிறது? எது தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே ஊகிக்க வழி உண்டா?”

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஓரளவுக்கு ஊகிக்கலாம். ஒரு தழுவல் அறிவிக்கப்பட்டதும் பெரும்பாலோர் பார்ப்பது படத்தின் பெயரை, இசையமைப்பாளரை, யார் நடிக்கிறார்கள் என்பதை. நான் முதலில் வேறொன்றைத் தேடுவேன். இந்தக் கதையில் யாருக்கு, எந்த இடத்தில், பேச்சு போதாமல் போகிறது? மூலக்கதை அந்த இடத்தை அவசரமாகக் கடந்திருக்கிறதா, அல்லது சொல்லாமலே விட்டிருக்கிறதா? அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் அந்த மியூசிக்கலுக்காக நான் காத்திருக்கத் தொடங்கிவிடுவேன். படாவிட்டால், எவ்வளவு பெரிய பெயர்கள் சேர்ந்திருந்தாலும் மனது அதில் ஒட்டாது.

பஞ்சம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மியூசிக்கல் என்ற கலை தொடக்கத்திலிருந்தே தழுவலில் வளர்ந்ததுதான். 1943-ல் வந்து இந்த வடிவத்தையே மாற்றிய ‘ஓக்லஹோமா!’ ஒரு நாடகத்தின் தழுவல். ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ ஷோலெம் அலெய்க்கெமின் கதைகளிலிருந்து வந்தது. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் ரோமியோவும் ஜூலியட்டும் நியூயார்க் தெருக்களில் பிறந்தார்கள். ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’ 1910-ல் வந்த ஒரு பிரெஞ்சு நாவல். அது பிராட்வேயில் 1988 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை 13,981 காட்சிகள் ஓடியது. அதேநேரம், 2025-ல் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதை (பிராட்வே மேடைக்கான விருது) வாங்கிய ‘மேபி ஹாப்பி எண்டிங்’ எந்தப் படத்திலிருந்தும் வரவில்லை. சியோல் நகரத்தில் கைவிடப்பட்ட இரண்டு ரோபோக்களைப் பற்றிய புத்தம் புதிய கதை. ஆகவே புதுக் கதைகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தழுவல் என்பது இந்தக் கலையின் தாய்வீடு, அவ்வளவுதான்.

இப்போது ‘பேச்சு போதாத இடம்’ என்று நான் சொன்னதை விளக்க வேண்டும். அதற்கு ‘மை ஃபேர் லேடி’யைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதன் மூலமான பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் 1913-ல் வந்தது. பூ விற்கும் எலைசாவுக்குப் பேராசிரியர் ஹிக்கின்ஸ் மேல்தட்டு ஆங்கில உச்சரிப்பைப் பழக்கி, சீமாட்டியாக மாற்றிக் காட்டும் கதை. இதை மியூசிக்கலாக்கப் பலருக்கும் ஆசை. ஷாவுக்கு மட்டும் சம்மதமில்லை. தன் வேறொரு நாடகத்தை ‘தி சாக்லேட் சோல்ஜர்’ என்ற ஆபரெட்டாவாக, அதாவது இலகுவான இசை நாடகமாக, மாற்றியதில் வந்த வெறுப்பு, 1950-ல் இறக்கும்வரை அவரை விடவில்லை. அதற்கப்புறம் உரிமை கைக்கு எட்டியபோது, அன்றைய ஜாம்பவான்களான ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் முயன்று பார்த்து, இது நடக்காது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் இதைச் செய்து முடித்த பாடலாசிரியர் லெர்னரும் இசையமைப்பாளர் லோவும்கூட ஒருமுறை கைகழுவிவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள்.

எங்கே சிக்கல்? நாடகம் முழுக்கப் பேச்சு. அதுவும் ஷாவின் பேச்சு. எல்லாரும் எல்லாவற்றையும் கச்சிதமாகச் சொல்லிவிடுகிறார்கள், பாட்டு நுழைய இண்டு இடுக்கு இல்லை. பிறகு லெர்னருக்குப் பிடிபட்டது என்னவென்றால், நாடகத்தைக் கலைக்கவே வேண்டாம், அங்கங்களுக்கு நடுவே என்ன நடந்தது என்பதைக் காட்டினால் போதும். ஷாவின் மேடையில் எலைசா பட்ட பாடும் பயிற்சியும் பெரும்பகுதி திரைக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். அவள் ஜெயித்துக் காட்டிய விருந்தும் அப்படித்தான். பாட்டு குடியேறியது அங்கேதான்.

அந்தப் பயிற்சிக் காட்சியைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பாருங்கள். பின்னிரவு. எலைசா, ஹிக்கின்ஸ், அவர் நண்பர் பிக்கரிங் மூன்று பேரும் களைத்துப் போயிருக்கிறார்கள். எலைசாவால் ஓர் உயிரெழுத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதுவரை அதட்டிக்கொண்டே இருந்த ஹிக்கின்ஸ் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்துகிறார். நீ என்ன சாதிக்கப் பார்க்கிறாய் என்று நினைத்துப் பார், இந்த மொழியின் கம்பீரத்தை நினைத்துப் பார் என்கிறார். ஒரு மௌனம். பிறகு மெதுவாக, சந்தேகத்தோடு, ஸ்பெயின் மழை பற்றிய அந்தப் பயிற்சி வாக்கியத்தை அவள் சொல்கிறாள். சரியாக வருகிறது. மறுபடி சொல்லச் சொல்கிறார். மறுபடியும் சரியாக வருகிறது. வெறும் உச்சரிப்புப் பாடமாக இருந்த வரி தாளத்தில் ஏறி, பாட்டாகி, கடைசியில் மூன்று பேரும் அறை முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பயிற்சி வாக்கியமே ஷாவின் மூல நாடகத்தில் இல்லை, 1938-ல் வந்த படத்திலிருந்து எடுத்தது. நாடகத்தையும் படத்தையும் சேர்த்துக் குழைத்துச் செய்த மியூசிக்கல் இது. 1956 மார்ச்சில் தொடங்கி 2,717 காட்சிகள் ஓடியது.

திரைப்படப் பாட்டைக் கேட்டே வளர்ந்த நமக்கு இதில் ஒரு வித்தியாசம் உறைக்க வேண்டும். படத்தில் பாட்டு வரும்போது கதை சற்று இளைப்பாறுவது உண்டு. நல்ல மியூசிக்கலில் பாட்டுக்கு முன்னால் இருந்த ஆள் வேறு, பாட்டு முடிந்ததும் நிற்கும் ஆள் வேறு. பாட்டைத் தூக்கிவிட்டால் கதையில் ஒரு படியே காணாமல் போய்விடும். ஒரு மியூசிக்கல் தேறுமா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, படத்திலிருந்து வந்தவற்றுக்கு வருவோம். என்னை முழுமையாக வென்றது ‘பில்லி எலியட்’. 2000-ல் வந்த படம். 2005-ல் லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் மியூசிக்கலாக ஏறியது. இரண்டையும் இயக்கியவர் ஸ்டீஃபன் டால்ட்ரி, இரண்டையும் எழுதியவர் லீ ஹால், மேடைக்கு இசை எல்டன் ஜான். 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு பாலே நடனத்தில் பித்துப் பிடிக்கிறது. 2014-ல் திரையரங்குகளில் ஒளிபரப்பான மேடைப் பதிவைத்தான் நான் பார்த்தேன். முதலில் படத்தின் ஞாபகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது.

படத்தில் ஓர் இடம் உண்டு. நடனப் பள்ளித் தேர்வு முடிந்து பில்லி கிளம்பும்போது, தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்கிறார்: ஆடும்போது உனக்கு எப்படி இருக்கும்? பையன் திணறுகிறான். தெரியல, நல்லா இருக்கும், முதலில் விறைப்பாக இருக்கும், அப்புறம் எல்லாம் மறந்துபோகும், பறவை மாதிரி, மின்சாரம் மாதிரி என்கிறான். படத்தில் அவ்வளவுதான், அது அழகான காட்சியும்கூட. மேடையில் அதே கேள்வி, அதே திணறல். ஆனால் திணறலே மெட்டாக ஆரம்பிக்கிறது. சொல்லத் தெரியவில்லை என்று பாடத் தொடங்குகிறான். சொல்லைத் தேடித் தேடி, சொல் தீர்ந்துபோகும் இடத்தில் உடம்பு எடுத்துக்கொள்கிறது. பாட்டை விட்டுவிட்டு ஆடுகிறான், எந்தத் துணையும் இல்லாமல், வெட்டும் இல்லாமல், நம் கண்ணெதிரே ஒரு சிறுவன். பேச்சு போதாதபோது பாட்டு, பாட்டும் போதாதபோது ஆட்டம் என்று இந்தத் துறைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்வார்கள். அந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரே காட்சியில் இருக்கிறது. கேமரா எத்தனையோ செய்யும். ஒரு பையன் மூச்சு வாங்க நம் முன்னால் நின்று, தன்னிடம் கேட்ட கேள்விக்குத் தன் உடம்பால் பதில் சொல்லி முடிப்பதை மேடைதான் தரும்.

அதே மியூசிக்கலில் போலீஸும் தொழிலாளர்களும் மோதிக்கொள்ளும் தெருவும், சின்னப் பெண்கள் ஆடும் பாலே வகுப்பும் ஒரே மேடையில், ஒரே பாட்டுக்குள் பின்னிக்கொள்ளும். லத்தி ஏந்தியவர்களுக்கு நடுவே வெள்ளைப் பாவாடைச் சிறுமிகள் வரிசையாகக் காலைத் தூக்குகிறார்கள். வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போகிறது, பில்லியின் ஆட்டம் தேறிக்கொண்டே வருகிறது. படத்தில் இதை அடுத்தடுத்த காட்சிகளாக வெட்டி ஒட்டித்தான் காட்ட முடியும். மேடையில் இரண்டும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன.

இப்படி, படத்தை அப்படியே காப்பி அடிக்க முடியாத கட்டாயமே மேடைக்கு வரமாவதும் உண்டு. ‘தி லயன் கிங்’ 1994-ல் வந்த கார்ட்டூன் படம். 1997-ல் அதை மேடையேற்றிய ஜூலி டேமோர், நடிகர்களை விலங்கு உடைக்குள் ஒளித்துவைக்கவில்லை. முகமூடி தலைக்கு மேலே, மனித முகம் கீழே, இரண்டும் ஒருசேரத் தெரியும். சிங்க ராஜா முஃபாசா இறந்ததும் பெண் சிங்கங்கள் அழும் காட்சியில் நடிகைகள் கண்களிலிருந்து நீண்ட துணிப் பட்டையை உருவி இழுப்பார்கள். கண்ணீர் அது. துணி என்று நமக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் தொண்டை அடைக்கும். படத்தில் ஆண் குரங்காக வந்த ரஃபீக்கியை அவர் பெண்ணாக்கினார். கதையில் பலமான ஒரு பெண் குரல் இல்லை என்பது அவருக்கு உறுத்தியது. 1998-ல் மியூசிக்கல் இயக்கத்துக்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அதே டேமோர்தான் ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ மியூசிக்கலையும் எடுத்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். செலவு சுமார் 7.5 கோடி டாலர். பிராட்வே அதுவரை அப்படி ஒரு செலவைப் பார்த்ததில்லை. தொடக்க விழாவுக்கு முன்பே 182 முன்னோட்டக் காட்சிகள், நடிகர்களுக்குக் காயங்கள், நடுவிலேயே இயக்குநர் மாற்றம், கடைசியில் 2014 ஜனவரியில் மூடுவிழா. திறமை குறைந்துவிட்டதா? இல்லை. அந்த மேடையில் எல்லாருடைய கவனமும் ஒரே ஒரு கேள்வியில் இருந்தது: எப்படிப் பறக்க வைப்பது? ஏன் பாட வேண்டும் என்ற கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. அந்த நாயகன் தவித்த இடங்களில் ஒரு பாட்டும் மனதில் நிற்கவில்லை. ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ மியூசிக்கல் லண்டனில் 2022-ல் லண்டன் மேடைக்கான ஆலிவியே விருதே வாங்கியது. காலத்தில் பயணிக்கும் அந்தக் காருக்காக அரங்கம் ஆர்ப்பரிப்பது நியாயம்தான், அது பிரமாதமான மேடை வித்தை. ஆனால் எனக்கு அதில் நினைவிருப்பது கார் மட்டும்.

பாட்டு எங்கே வேண்டும் என்பதைப் போலவே எங்கே வேண்டாம் என்பதும் தழுவுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் கடைசியில் காதலன் டோனியின் உடல் அருகே நாயகி மரியா துப்பாக்கியோடு நிற்கிறாள். அங்கே அவளுக்கு ஒரு பெரிய பாடல் எழுத இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன் மறுபடி மறுபடி முயன்றார். வரவில்லை. பாட்டுக்கு ஆதாரமாக வசனகர்த்தா ஆர்தர் லாரென்ட்ஸ் எழுதிக் கொடுத்த உரைநடைப் பேச்சே கடைசிவரை நின்றுவிட்டது. இன்றும் மரியா அதைப் பேசத்தான் செய்கிறாள். இரண்டு மணி நேரம் பாடியவள் பாட்டைக் கைவிடும் அந்தக் கணத்தில்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நமக்கு உறைக்கிறது.

நாவல்களில் வேறொரு சிக்கல். பல நாவல்களின் உயிர், கதையில் இருப்பதைவிடச் சொல்லும் குரலில் அதிகம். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925-ல் வந்தது. அமெரிக்காவில் அதன் காப்புரிமை தீர்ந்து 2021 ஜனவரி 1 அன்று பொதுச் சொத்தானது. 2024-ல் ஒரே ஆண்டில் இரண்டு கேட்ஸ்பி மியூசிக்கல்கள், ஒன்று பிராட்வேயில், இன்னொன்று மாசச்சூசெட்ஸில். இரண்டுக்கும் சவால் ஒன்றுதான். கேட்ஸ்பி நமக்குப் பிடிபடாமல் இருப்பதாலேயே கேட்ஸ்பி. பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக் கதை சொல்லும் நிக்கின் கண்ணில்தான் அவன் மர்மமாகிறான். அவனே மேடை நடுவில் நின்று தன் ஏக்கத்தைப் பாடிவிட்டால், பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் மர்மம் கரைந்துபோகும். ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் இன்னோர் ஆண்டின் புத்தகங்கள் பொதுச் சொத்தாகின்றன, ஆகவே இப்படி இரட்டைத் தழுவல்கள் இனியும் வரும். சட்டம் வழிவிட்டது என்பதற்காக ஒரு கதை பாடிவிடாது.

இதே சிக்கலை அழகாகக் கடந்தது ‘லே மிசராப்ள’. யூகோவின் 1862 நாவலில் ழான் வால்ழான் மாரியுஸை வெறுக்கிறான். மகளாக வளர்த்தவளைத் தன்னிடமிருந்து பறிக்க வந்தவன் அவன். ஆனாலும் மாரியுஸ் இருக்கும் கிளர்ச்சிக்காரர்களின் தடுப்பரணுக்குப் போகிறான், அங்கே கிட்டத்தட்ட மௌனமாகவே இருக்கிறான். எதற்குப் போனான் என்று நாமே ஊகிக்க வேண்டும். 1985-ல் லண்டன் மேடைக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அந்த மௌனத்துக்குள் ஒரு பாட்டு வைத்தார்கள், வால்ழானாக நடித்த கோம் வில்கின்சனின் குரலுக்கென்றே. தூங்கும் இளைஞன் பக்கத்தில் முதியவன் கடவுளிடம் மன்றாடுகிறான்: இவனை வீடு சேர்த்துவிடு, உயிர்தான் வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள். குரல் உச்சத்துக்குப் போகும், ஆனால் கத்தாது. தூங்குகிறவன் எழுந்துவிடக் கூடாது என்பதுபோல மென்மையாகவே அந்த உயரத்தைத் தொடும். முதல் விமர்சனங்கள் அந்த மியூசிக்கலைக் கிழித்துப்போட்டன. டிக்கெட் வரிசை மட்டும் குறையவில்லை. லண்டனில் அது இன்றும் ஓடுகிறது.

துணைப் பாத்திரங்களிடமும் இந்தப் புதையல் கிடைக்கும். ‘கிரவுண்ட்ஹாக் டே’ 1993 படத்தில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. மேடைக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. பல்லவி திரும்ப வருவது இசையின் இயல்பே அல்லவா? டிம் மின்ச்சின் இசையமைத்து 2016-ல் லண்டன் ஓல்ட் விக்கில் வந்தது. அதன் இரண்டாம் பாதி நான்ஸி என்ற ஒரு சின்னப் பாத்திரத்தின் பாட்டோடு தொடங்குகிறது. படத்தில் நாயகன் வலைவீசிப் பிடிக்கும் அழகி, அவ்வளவுதான் அவள். மேடையில் தனியாக நின்று, இன்னொருவர் கதையில் அழகான ஓர் ஓரமாகவே இருந்துவிட்டேனே என்று பாடுகிறாள். படத்தை எத்தனையோ முறை பார்த்த எனக்கு அவளைப் பற்றி ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ‘பீட்டில்ஜூஸ்’ மியூசிக்கலிலும் இப்படித்தான். 1988 படத்தில் லிடியா கறுப்புடை போட்ட விசித்திரச் சிறுமி. 2019-ல் பிராட்வே மேடை அவளை அம்மாவை இழந்த பெண்ணாக்கி, கதையையே ஒரு சாவு வீட்டில் தொடங்கியது. கூத்தும் கும்மாளமும் அப்படியே இருக்க, நடுவே ஒரு நிஜமான துக்கம் வந்து உட்கார்ந்தது.

தோற்றவையும் அப்படியே செத்துப்போவதில்லை என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ‘கேரி’ 1988-ல் பிராட்வேயில் தொடக்க விழாவுக்குப் பிறகு ஐந்தே காட்சிகளில் மூடப்பட்டது. தோல்விக்கே அடையாளச் சொல்லாகிவிட்டது. 2012-ல் திருத்தி எழுதிச் சிறிய அரங்கில் போட்டார்கள். இன்று பள்ளி மாணவர்கள் விரும்பி மேடையேற்றும் மியூசிக்கல்களில் அதுவும் ஒன்று. கேலிக்கு ஆளாகும் ஒரு பெண்ணின் கதை அவர்களுக்குத்தானே மிகவும் தெரிந்திருக்கும்.

அதைவிட நமக்கு நெருக்கமானது ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. ஆமாம், அதற்கும் ஒரு மியூசிக்கல் உண்டு, இசையில் ஏ.ஆர். ரஹ்மானுக்கும் பங்கு உண்டு. பின்லாந்தின் வார்த்தினா குழுவும் கிறிஸ்டபர் நைட்டிங்கேலும் அவரோடு சேர்ந்தார்கள். 2006-ல் டொரான்டோவில் பிரம்மாண்டமாகத் தொடங்கி சில மாதங்களில் நின்றது. 2007-ல் லண்டன் ட்ரூரி லேன் அரங்குக்கு வந்து அடுத்த ஆண்டே மூடியது. சுழன்று ஏறி இறங்கும் மேடைக்கு அடியில் கதை நசுங்கிப்போனது. அப்புறம் 2023-ல் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் உள்ள வாட்டர்மில் என்ற சின்ன அரங்கு அதே படைப்பைக் கையில் எடுத்தது. நடிகர்களே வாத்தியங்களை வாசித்தார்கள். காட்சி தோட்டத்தில் ஆரம்பித்தது. பார்வையாளர்கள், கதையில் வரும் குட்டை மனிதர்களான ஹாபிட்களின் ஊர் விருந்தாளிகள் மாதிரி புல்வெளியில் உட்கார்ந்து, பிறகு உள்ளே போனார்கள். ஊரைவிட்டுப் பிரிந்து போகும் நான்கு எளியவர்களின் கதை அது என்பது அங்கேதான் கேட்டது. அடுத்த ஆண்டு சிகாகோவிலும் அது மேடையேறியது. பாட்டுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் தூரம்தான் போலிருக்கிறது.

இனி, நான் ஆவலாகக் கவனிப்பவை.

கரடிக் குட்டி ஒன்றின் கதையான ‘பேடிங்டன்’ 2025 இறுதியில் லண்டன் சவாய் அரங்கில் தொடங்கியது. டாம் ஃப்ளெச்சர் இசை. கரடி உடைக்குள் ஒருவர் நடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து குரல் கொடுத்து முகத்தை அசைக்கிறார். இந்தத் தொழில்நுட்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பேடிங்டன் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவன் என்பது. கழுத்தில் சீட்டுக் கட்டிய ஒரு சின்ன அகதி, யார் மனதும் நோகாமல் பேசிப் பேசித் தன் வலியை மறைத்துக்கொள்கிறவன். அப்படிப்பட்டவன் பாடும்போது மறைத்தது வெளியே வரும்.

‘தி கிரேட்டஸ்ட் ஷோமேன்’ 2026-ல் பிரிஸ்டலில் தொடங்குவதாக அறிவித்தார்கள். 2017 படத்தின் பாட்டுகளை உலகமே முணுமுணுத்தது, ஆகவே அரங்கம் நிறைவதில் சந்தேகம் இல்லை. என் கவலை கதை பற்றியது. படத்தின் நாயகன் பார்னம் நிஜத்தில் வாழ்ந்த ஒரு காட்சி நடத்துநர், அவர் தன் தொழிலைத் தொடங்கியதே 1835-ல் ஜாய்ஸ் ஹெத் என்ற அடிமைப் பெண்ணைக் காட்சிப் பொருளாக்கித்தான். படம் அதைத் தொடவே இல்லை. புதுப் பாட்டுகளும் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒன்றாவது, காட்சிக்கு வைக்கப்பட்டவர்கள் பார்னமைப் பார்த்து நேருக்கு நேர் பாடுவதாக இருந்தால் இந்த மியூசிக்கலுக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

‘தி லாஸ்ட் பாய்ஸ்’ 1987-ல் வந்த ரத்தக் காட்டேரிப் படம். மைக்கேல் ஆர்டன் இயக்கத்தில் 2026 வசந்தத்தில் பிராட்வேக்கு அறிவிக்கப்பட்டது. பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பா இல்லாமல் புது ஊருக்கு வந்த ஒரு பையன், எவராவது தன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்ற பசியில் ஒரு கூட்டத்துக்குள் விழுகிறான். அந்தப் பசிக்குப் பாட்டு உண்டு. பறப்பதில் முழுக் கவனமும் போய்விடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயங்கே’ படத்திலிருந்து வந்த ‘கம் ஃபால் இன் லவ்’ 2022-ல் சான் டியாகோவில் முதலில் ஏறி, மாற்றங்களோடு 2025-ல் மான்செஸ்டருக்கு வந்தது. படத்தை இயக்கிய ஆதித்ய சோப்ராவே மேடைக்கும் இயக்குநர். காதலன் வெள்ளைக்காரனாக மாறியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நான் யோசிப்பது ரயில் நிலையக் காட்சியை. அப்பா மகளின் கையை விடும் கணம் மரியாவின் துப்பாக்கிக் கணம் போன்றது. அங்கே பாட்டு கூடாது. அதற்கு முன்னால் நாயகி சிம்ரன் தனியாக இருக்கும் இடங்களில்தான் பாட்டு வேண்டும். படத்தில் அவள் தேர்வு செய்வதைவிட, அவளுக்காக மற்றவர்கள் போராடுவதைத்தான் அதிகம் பார்த்தோம். மும்பையில் 2016-ல் ஃபெரோஸ் அப்பாஸ் கான் மேடையேற்றிய ‘முகல்-ஏ-ஆஸம்’ இந்த வகையில் ஒரு நல்ல முன்னுதாரணம். நடிகைகள் பதிவுசெய்த பாட்டுக்கு வெறுமனே வாயசைக்காமல் நேரடியாகப் பாடினார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுகள்தான், ஆனால் பேரரசர் முன்னால் நின்று ஒருத்தி நிஜமாகவே தன் குரலில் பாடும்போது அந்தத் துணிச்சலுக்கே வேறு கனம்.

அறிவிப்புகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் வெளியூரில் சில வாரங்கள் ஓட்டி, பிரித்து, மறுபடி கோத்து வருகிறார்களா என்று பாருங்கள். ‘தி டெவில் வேர்ஸ் பிராடா’ 2022-ல் சிகாகோவில் சரியாக வரவில்லை. பெரிதும் மாற்றி 2024-ல் லண்டனில் திறந்தார்கள். வெளியூரில் அடி வாங்கியது கெட்ட செய்தி அல்ல, அடி வாங்கியும் எதையும் மாற்றாமல் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். முன்னோட்டக் காட்சி நாட்களில் ஒரு பெரிய பாட்டையே தூக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு நம்பிக்கை கூடும். பாட்டுக்காகக் கதையை வளைக்கவில்லை என்று அர்த்தம். இசைத்தட்டு முன்கூட்டியே வந்துவிட்டால், முழுவதும் கேட்டுவிட வேண்டாம். முதல் அரை மணிக்குள் நாயகனோ நாயகியோ தனக்கு என்ன வேண்டும் என்று பாடும் ஒரு பாட்டு இருக்கும், அதை மட்டும் கேளுங்கள். எலைசாவுக்கு ஒரு கதகதப்பான அறை, உட்கார ஒரு பெரிய நாற்காலி, தின்ன நிறைய சாக்லேட். அவ்வளவு சின்ன ஆசை, அவ்வளவு துல்லியம். அந்தப் பாட்டில் ‘கனவு’, ‘சிறகு’, ‘வானம்’ என்று பொதுவாக மட்டுமே இருந்தால் நான் கொஞ்சம் பொறுப்பேன்.

கடைசியாக ஒன்று. ‘லா லா லேண்ட்’ மேடைக்கு வருவதாக 2023-ல் அறிவித்தார்கள். இயக்கம் பார்ட்லெட் ஷெர். அந்தப் படத்தின் முடிவில், சேராமல் போன இருவரும் சேர்ந்திருந்தால் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்பது வசனமே இல்லாமல் ஆட்டமும் இசையுமாக ஓடும். படமே அந்த இடத்தில் மேடை மியூசிக்கல்களின் பழைய கனவு நடனங்களைக் கும்பிட்டது. இப்போது அதைத் திருப்பி மேடையிலேயே செய்ய வேண்டும், வண்ணம் தீட்டிய படுதாக்களுக்கு முன்னால், உயிருள்ள இரண்டு பேர், பியானோ மறுபடி அந்த முதல் மெட்டைத் தொடும்போது கைகளை விட்டுவிட்டு, அவரவர் இடத்துக்குத் திரும்பி நடக்க வேண்டும். அந்த ஆறேழு நிமிடங்களுக்காகவே டிக்கெட் எடுப்பேன்.